ஏற்காட்டு இறக்கத்தில் 62, நெவாடாவில் 144: இதில் என்ன அதிசயம்?

கேள்வி: 2 பிப்ரவரி 2025, கோரிமேட்டு வாசகர் ஒருவர்

ஞாயிறுதோறும் சைக்கிளில் ஏற்காடு ஏறி இறங்குகிறவன் நான். இன்று இரண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே ஒரு நேர்த் துண்டில், மிதிக்காமலேயே, வேக மீட்டர் மணிக்கு 62 கிலோமீட்டர் காட்டியது. மனித சக்தியால் மட்டும் ஓடும் வண்டியில் அமெரிக்காவில் ஒருவர் 144 போனார் என்று வியக்கிறார்கள். காற்றைக் கிழிக்கும் மூடிய கூட்டுக்குள் படுத்துக்கொண்டு மிதித்தால் நானும்தான் போவேன். இதில் என்ன பெரிய அதிசயம்?

3 பிப்ரவரி, இரவு

உங்களை மலை தள்ளியது. அவரை யாரும் தள்ளவில்லை. அதுதான் அதிசயம்.

நீங்களும் சைக்கிளுமாக 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஏழு என்ற சரிவில் 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது பூமி உங்களுக்கு இனாமாகக் கொடுப்பது ஏறக்குறைய 970 வாட். ஒன்றேகால் குதிரைத்திறனுக்கும் மேல். அவ்வளவையும் வாங்கி நீங்கள் காற்றிடம் கொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றுமில்லாமல் 62இல் நிற்கிறீர்கள். சமதரையில் ஒரு மணி நேரம் விடாமல் மிதிக்கச் சொன்னால் நம்மைப் போன்ற ஆள் 150 வாட் கொடுப்பதற்குள் சட்டையைப் பிழியலாம்.

144 போனவர் டாட் ரைச்சர்ட், கனடாக்காரர். 2016 செப்டம்பரில், நெவாடா மாநிலத்தில் பேட்டில் மவுண்டன் என்ற ஊருக்கு வெளியே. பெயரில்தான் மலை, சாலை நூல் பிடித்தது போல் நேர், பார்வைக்குச் சமதரை. எட்டு கிலோமீட்டர் ஓடி வேகம் சேர்த்துக்கொண்டு, கடைசியில் 200 மீட்டரை மட்டும் அளப்பார்கள். அந்த 200 மீட்டரை அவர் கடந்தது ஐந்து வினாடிக்கும் ஒரு நூலிழை குறைவில். மணிக்கு 144.17 கிலோமீட்டர். நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

இன்னொன்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு; அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. எனவே 62க்கும் 144க்கும் நடுவே இருப்பது 82 கிலோமீட்டர் அல்ல, பன்னிரண்டு மடங்கு உழைப்பு. அல்லது பன்னிரண்டு மடங்கு நல்ல வடிவம்.

4 பிப்ரவரி, காலை

நேற்று "யாரும் தள்ளவில்லை" என்று எழுதியது தவறு. புறப்படும்போது தள்ளுவார்கள். கூட்டைப் பசை நாடாவால் ஒட்டி மூடிவிடுவதால் ஓட்டுபவர் காலைத் தரையில் ஊன்ற முடியாது. ஆட்கள் பிடித்துத் தள்ளி விட வேண்டும். முடிவில் ஓடி வந்து பிடித்து நிறுத்தவும் ஆட்கள் வேண்டும். பிடிக்க ஆள் இல்லையென்றால் உலக சாதனையாளர் மாங்காய் போலப் பக்கவாட்டில் விழ வேண்டியதுதான்.

சரிவும் சிறிது உண்டு. நூற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு வரை, அதாவது 100 மீட்டருக்கு 67 சென்டிமீட்டர் இறக்கம் வரை விதி அனுமதிக்கிறது. காற்று வினாடிக்கு 1.66 மீட்டருக்கு மேல் அடித்தால் சாதனைக் கணக்கில் சேராது. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்திருங்கள். (நான் வைத்திருக்கவில்லை. அது பின்னால் தெரியும். இந்த அடைப்புக்குறி 16ஆம் தேதி சேர்த்தது.)

5 பிப்ரவரி

"இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் யார்?" என்று ஆத்தூர்க்காரர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. லேத்தும் வெல்டிங்கும் வைத்துப் பட்டறை நடத்துகிறேன். பெரும்பாலும் லாரி வேலை. சைக்கிளில் ஏற்காடு ஏறியதில்லை, ஏறும் உத்தேசமும் இல்லை.

இதற்குள் நான் விழுந்தது அக்காள் மகளால். மூன்றாம் வருடம் மெக்கானிக்கல் படிக்கிறாள். கடந்த ஆடியில் ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "மாமா, மூன்று பழைய சைக்கிளும் பத்து மீட்டர் குழாயும் வேண்டும்" என்றாள். குழாய் வாங்கி வர ஆள் அனுப்பினேன். அன்றிலிருந்து என் வலது பக்க மேடை என்னுடையதாக இல்லை. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஓட்டுபவர் சாய்வு நாற்காலியில் படுத்தது போல் இருந்து, கண்ணுக்கு நேரே காலை நீட்டி மிதிக்க வேண்டும். மிதி முன்னால், இழுக்கும் சக்கரம் பின்னால் என்பதால் இரண்டரை சைக்கிள் சங்கிலியைக் கோத்து ஒரே சங்கிலி ஆக்கினோம்.

வருகிற ஞாயிறு இப்படிப்பட்ட வண்டிகளுக்குப் போட்டி. மாணவர்களே நடத்துவது. ஓமலூர்ப் பக்கம், விற்காமல் கிடக்கும் ஒரு மனைப்பிரிவின் நடுச்சாலையில்.

9 பிப்ரவரி, இரவு 11 மணி

63.2!

கோரிமேட்டு நண்பரே, உங்கள் 62 போயிற்று. அதுவும் மலை இல்லாமல். விவரம் நாளை. தோள்பட்டை கழன்று விழுகிறது.

10 பிப்ரவரி

ஏழு வண்டிகள். ஆறு மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. சிறப்பு விருந்தினர் வந்து கொடி அசைக்கும்போது மணி பத்தேகால். பேட்டில் மவுண்டனில் காற்று அடங்கும் விடியலிலும் சூரியன் இறங்கும் நேரத்திலும்தான் ஓட்டுவார்கள். நாங்கள் மாசி வரப்போகும் வெயிலில், தார் இளகத் தொடங்கும் நேரத்தில் ஓட்டினோம். சால்வை போர்த்துவதை மட்டும் காலையிலேயே முடித்திருக்கலாம்.

வேகத்துக்கு முன் பாதுகாப்புச் சோதனை. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் மாணவர்களுக்கு நடத்தும் போட்டியின் விதிகளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்து 6 மீட்டருக்குள் நிற்க வேண்டும். 8 மீட்டர் ஆரத்துக்குள் திரும்ப வேண்டும். நடக்கும் வேகத்தில் 30 மீட்டர் தள்ளாடாமல் நேராகப் போக வேண்டும். இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் மூன்றாவதில்தான் கவிழ்ந்தார்கள். படுத்துக்கொண்டு மெதுவாக ஓட்டுவதைப் போல் கடினம் வேறில்லை. ஒரு குழு பின்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் வைத்திருந்தது. கோட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போய், அளந்துகொண்டிருந்தவர் நடையைக் கட்டிய பிறகு நின்றது.

கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுக் குழாய் சுமார் 270 கிலோ அழுத்தம் தாங்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அதைப் பட்டறையிலேயே பார்த்துவிட்டோம். ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் நண்பர் 90 கிலோ மூட்டை மூன்று அனுப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று என ஏற்றினோம். வளைவு ஒரு விரற்கடை இறங்கி நின்றது. மூட்டை ஒன்று பிரிந்து பட்டறை முழுக்க ஜவ்வரிசி. இன்றும் லேத்துக்கு அடியில் கூட்டினால் வருகிறது.

அளவுத் தூரத்துக்குப் போனால் அங்கே கொள்ளுச் செடி காய்ந்துகொண்டிருந்தது. முழங்கால் உயரத்துக்கு, சாலையின் பாதியை அடைத்து. மனை விற்காவிட்டால் என்ன, நல்ல களம். காவலுக்கு இருந்த பாட்டி அசைவதாக இல்லை. மாணவர்கள் கெஞ்சினார்கள். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: "என் கொள்ளு மேலேயே ஓட்டுங்கள், எனக்கும் வேலை ஆகும்." பிறகு எங்கள் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, சக்கரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். "இது ஏறினால் ஒரு மணி உதிராது. லாரி இருந்தால் கொண்டு வாருங்கள்." லாரிக்காரன் பட்டறை வைத்திருக்கும் நான் எதுவும் பேசவில்லை. கொள்ளை அள்ளி ஓரம் கட்டிக் கொடுத்தோம். அதில்தான் தோள்பட்டை போனது.

கூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடி இழையில் செய்யப் பணம் இல்லை. மூங்கில் பிளாச்சில் சட்டம் கட்டி, மேலே ஃபிளெக்ஸ் பேனர் போர்த்தினோம். யாரோ ஒரு குழந்தையின் காதணி விழாப் பேனர். எழுத்துப் பக்கம் உள்ளே போக வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவசரத்தில் வெளியே வந்துவிட்டது. வண்டியின் மூக்கில் கொழுக்கு மொழுக்கென்று ஒரு குழந்தை, பக்கத்தில் தாய்மாமன்கள் வரிசை.

ஓட்டியது அக்காள் மகள். முதல் ஓட்டத்தில் 40ஐத் தாண்டியதும் வால் பக்கம் ஃபிளெக்ஸ் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. தூரத்தில் கேட்க, சேவல் இறக்கை அடிப்பது போல் இருந்தது. அந்தச் சத்தம் முழுக்க அவள் காலிலிருந்து திருடிய உழைப்பு. இரண்டாம் ஓட்டத்துக்கு முன் வாலை இழுத்துக் கட்டி, பெட்டி ஒட்டும் நாடாவை நீள வாட்டில் நாலு வரிசை ஒட்டினோம். சத்தம் நின்றது. கைக்கடிகாரத்தில் 5.7 வினாடி. நூறு மீட்டர். 63.2.

அவளை வெளியே எடுக்கும்போது முகம் சுட்ட கத்தரிக்காய். "உள்ளே அடுப்பு மாதிரி இருக்கிறது மாமா. என் மூச்சே திரும்பி என் மேல் அடிக்கிறது." தண்ணீரைக் குடிக்காமல் தலையில் ஊற்றிக்கொண்டாள். சேலம் திரும்பும் வழியில் தட்டுவடை செட் ஆறு தட்டு. நான் இரண்டு, அவள் நான்கு.

மற்ற ஆறு வண்டிகளில் எதுவும் 50ஐத் தொடவில்லை. வண்டியின் பின்பக்கத்தில் இன்று காலை சிவப்புப் பெயிண்டால் 63.2 என்று எழுதிவிட்டாள்.

11 பிப்ரவரி

நாகலூரிலிருந்து ஒருவர் கேட்கிறார்: பேட்டில் மவுண்டன் சுமார் 1400 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே, கிட்டத்தட்ட ஏற்காட்டு உயரம், இங்கேயே போட்டி வைத்தால் என்ன?

கேள்வி நல்ல கேள்வி. அந்த உயரத்தில் காற்று சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு லேசு, வேகம் கூடும். அந்தப் பாலைவனத்தை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஏற்காட்டில் எட்டு கிலோமீட்டர் நேர்ச் சாலை வேண்டுமென்றால் ஏரியைத் தூர்த்து, காப்பித் தோட்டங்களை வெட்டி, போதாமல் கடைசி இரண்டு கிலோமீட்டருக்குப் பாலம் கட்ட வேண்டும்.

11 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

கோரிமேட்டு நண்பர் கேட்டதை இப்போதுதான் பார்த்தேன். "கைக்கடிகாரத்தை அழுத்தியது யார்? அடுத்த முனையை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?" தோற்றவர் கேட்கும் கேள்விதான். இருந்தாலும் பதில்: தொடக்கக் கோட்டில் ஒரு பையன் கொடியை இறக்குவான், முடிவில் நிற்கும் நான் அழுத்துவேன்; வண்டி என்னைக் கடந்ததும் மறுபடி அழுத்துவேன். கண்ணுக்கும் விரலுக்கும் நடுவே 0.2 வினாடி முன்பின் இருக்கலாம். அதனால் இரண்டு கிலோமீட்டர் கூடலாம், குறையலாம். ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று உறுத்துகிறது. காலையில் வண்டிக்குப் பூசை போட்டபோது ஊதுவத்திப் புகை நேராக மேலே போனது. பதினொரு மணிக்கு, அவள் ஓடுவதற்குச் சற்று முன், அதே இடத்தில் புகை முடிவுக் கோட்டைப் பார்த்துப் படுத்திருந்தது. பார்த்தேன். "பிள்ளையாரே வழி காட்டுகிறார்" என்று சொல்லவும் செய்தேன்.

13 பிப்ரவரி

படுத்து மிதிப்பது சோம்பேறி வேலை, அது சைக்கிளே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உங்களுக்கு முன்னால் இதைச் சொன்னவர்கள் பெரிய ஆட்கள்.

1914இல் ஆஸ்கர் எக் என்ற சுவிஸ் வீரர் ஒரு மணி நேரத்தில் 44.247 கிலோமீட்டர் ஓட்டினார். அது அசையாமல் இருந்தது. 1933இல் பிரான்ஸில் சார்ல் மோஷே என்பவர் செய்த படுக்கை சைக்கிளில் பிரான்சிஸ் ஃபோர் 45.055 ஓட்டினார். ஃபோர் முதல் வரிசை வீரரே அல்ல. அதுதான் எல்லோருக்கும் எரிச்சல். 1934இல் உலக சைக்கிள் சங்கம் கூடி, சைக்கிள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வரையறை எழுதி, படுக்கை சைக்கிளை வெளியே தள்ளியது. பந்தய வீரர்கள் இன்றும் குனிந்தே மிதிப்பதில் அந்தக் கூட்டத்துக்கும் பங்கு உண்டு.

தள்ளப்பட்டவர்கள் 1970களில் கலிஃபோர்னியாவில் தனிப் பந்தி விரித்தார்கள். செஸ்டர் கைல் என்ற பேராசிரியர் முன்நின்று, எந்த வடிவமும் வரலாம், இயந்திரம் மட்டும் கூடாது என்று போட்டி நடத்தினார். 1986இல் ஃபிரெட் மார்க்கம் 'கோல்டு ரஷ்' என்ற வண்டியில் மணிக்கு 65 மைலைத் தாண்டி, அதற்கென்று வைத்திருந்த 18,000 டாலர் பரிசை வாங்கினார். நம் கணக்கில் 105 கிலோமீட்டர்.

எனக்குப் பிடித்தவர் ஜார்ஜி ஜார்ஜியெவ். பல்கேரியாவில் பிறந்து கனடாவில் ஒரு தீவில் குடியேறிய சிற்பி. அவர் செய்த வண்டியில் சாம் விட்டிங்ஹாம் 2009இல் 133.28 போனார். சிற்பி செய்தது என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை. என் பட்டறையில் காதணி விழாப் பேனர். அங்கே கல்லைத் தடவிப் பழகிய கை.

அக்காள் மகள் சொல்லச் சொன்னாள்: பெண்களில் இலோனா பெல்ட்டியே என்ற பிரெஞ்சுக்காரர் 2019இல் அதே நெவாடாச் சாலையில் 126 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறார். சொல்லிவிட்டேன்.

15 பிப்ரவரி

இதை எழுதக் கை வரவில்லை.

இன்று தனியாக அந்தச் சாலைக்குப் போனேன். சுண்ணாம்புக் கோடுகள் அப்படியே இருந்தன. நான் கொண்டு போனது 30 மீட்டர் நாடா. அன்று அளக்கவும் அதேதான். மூன்று முறை நீட்டினேன். மூன்றாவது முறையின் நுனி சரியாக முடிவுக் கோட்டில் வந்து உட்கார்ந்தது.

மூன்று முப்பது எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

மீதிப் பத்து மீட்டரை அன்று யார் விட்டது என்றால், நான். நாடாவின் அந்த முனையைப் பிடித்திருந்த பையன் கொள்ளு அள்ளக் கூப்பிட்டார்கள் என்று ஓடினான். திரும்பி வந்ததும் "அளந்தாயிற்று" என்றேன். 90 மீட்டரை 5.7 வினாடியில் கடந்தால் 56.8 கிலோமீட்டர். 63.2 அல்ல.

நெதர்லாந்து மாணவர் குழு 2013இல் விட்டிங்ஹாமின் சாதனையை உடைத்தபோது வந்த எண் 133.78. அரைக் கிலோமீட்டர் கூட்ட உலகம் நான்கு வருடம் எடுத்தது. நான் கொள்ளுக் குவியலுக்கு அருகே ஒரே மூச்சில் ஆறரை கூட்டிவிட்டேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

16 பிப்ரவரி

சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "அப்படியானால் சரிவையும் பார்த்துவிடலாம் மாமா" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் கொத்தனாரிடமிருந்து தண்ணீர் மட்டம் பார்க்கும் குழாயை வாங்கி வந்துவிட்டாள்.

இருபது இருபது மீட்டராக ஐந்து முறை வைத்துப் பார்த்தோம். குழாயின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து அது எவ்வளவு உயரம் என்று இரண்டு பக்கமும் அளந்து கழித்தால் இறக்கம் தெரியும். குழாயில் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டு முதல் அளவைக் கெடுத்தது. சுண்டிச் சுண்டி வெளியேற்றினோம். 100 மீட்டருக்கு 1 மீட்டர் 20 சென்டிமீட்டர். விதி அனுமதிப்பது 67 சென்டிமீட்டர்.

கண்ணுக்குச் சமதரை. மழைத் தண்ணீர் ஓடட்டும் என்று போட்டவர்கள் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். அவளும் வண்டியுமாக 90 கிலோ. அந்தச் சரிவு அவளுக்கு ஏறக்குறைய 170 வாட் கொடுத்திருக்கிறது. இன்னொரு ஆள் கூட்டுக்குள் ஒளிந்து உட்கார்ந்து கூடவே மிதித்தது போல். 3ஆம் தேதி மலை தள்ளியது, பூமியின் இனாம் என்றெல்லாம் கோரிமேட்டு நண்பருக்குப் பாடம் எடுத்தது நான்தான். மேலே போய் அடைப்புக்குறி சேர்த்திருக்கிறேன்.

17 பிப்ரவரி

சிரித்து எழுதிய பதினான்கு பேருக்கும்: போதும்.

19 பிப்ரவரி

கோரிமேட்டு நண்பர் சிரிக்கவில்லை. அவர் எழுதியதை இங்கே சுருக்கித் தருகிறேன். நான் நாடா பிடித்துச் சாலையை மறுபடி அளந்ததைப் படித்துவிட்டு அவர் தன் சைக்கிள் மீட்டரைத் திறந்து பார்த்திருக்கிறார். கடையில் மாட்டிக் கொடுத்தவர் 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவைப் பதிந்திருக்கிறார். அவர் ஓட்டுவது 26 அங்குலம். திருத்திக் கணக்குப் போட்டால் அவருடைய 62 என்பது 56.

இரண்டு பேரும் இறக்கத்தில் 56. நேரில் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

23 பிப்ரவரி

காலை ஆறேகாலுக்கு அதே சாலை. காற்றில்லை, ஊதுவத்தி வைத்துத்தான் பார்த்தோம். சிறப்பு விருந்தினர் இல்லை. கொள்ளு அடித்து முடித்து, பொட்டு மட்டும் ஓரமாகக் கிடந்தது. கோரிமேட்டு நண்பர் சைக்கிளிலேயே வந்துவிட்டார். அவர் அவளைவிட நான்கு வயது மூத்த பையன்; இத்தனை நாள் எழுத்தில் ஐம்பது வயது ஆள் என்று நினைத்திருந்தேன். நாடாவின் ஒரு முனை அவர் கையில், மறு முனை என் கையில். மூன்று முறை முப்பது. பிறகு பத்து. இரண்டு பேரும் சத்தமாக எண்ணினோம்.

இறக்கத்தில் 6.4 வினாடி: 56.2. திருப்பி ஏற்றத்தில் 8.1 வினாடி: 44.4. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 50.3. கோரிமேட்டுக்காரர் தன் சைக்கிளில் அதே கோடுகளுக்கு இடையே இரண்டு பக்கமும் ஓட்டினார்: 38, 33. அவருக்கு அவளைவிடக் கால் பலம் அதிகம். அது பார்த்தாலே தெரிகிறது. நாடா ஒட்டிய ஒரு பேனருக்கும் அது இல்லாததற்கும் இவ்வளவு வித்தியாசமா என்று மூக்கில் இருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு உள்ளே படுத்து ஒரு முறை ஓட்ட வேண்டும் என்றார். அவருடைய கால் நீளம். முழங்கால் போய் மூங்கிலில் இடித்து, முதல் தாய்மாமன் முகத்தில் ஒரு கிழிசல். வெள்ளிக்கிழமைக்குள் வேறு பேனர் பார்க்க வேண்டும்.

வண்டியின் பின்பக்கத்தில் 63.2ஐ அவள் அழிக்கவில்லை. மேலே ஒரு கோடு. கீழே 56.8, அதன் மேலும் ஒரு கோடு. கீழே 50.3. அதற்குக் கீழே சக்கரம் வந்துவிட்டது, இடமில்லை.